நான் காட்டியதை மட்டும்தான் அவர் பார்த்தார்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அப்பாயின்ட்மென்ட் பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே "ஸ்கின் செக்" என்று போட்டிருந்தது. தேமலோ படர்தாமரையோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அறுபதைத் தாண்டிய மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றார். "ஆரம்பிங்க டாக்டர்" என்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழுந்த மாதிரி இருந்தது அந்த முதுகு. பழுப்பு, கறுப்பு, சிவப்பு. மிளகளவு, பட்டாணியளவு, சில இடங்களில் எட்டணா அளவு. இதில் எதைப் பார்ப்பது? நர்ஸ் ஒன்றும் பேசாமல் மேசை டிராயரைத் திறந்து, தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் டெர்மோஸ்கோப்பை எடுத்து என் கையில் வைத்தார். எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவளுக்கு மச்சம் என்றால் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் பலன் போட்டிருக்கும் விஷயம். எம்.பி.பி.எஸ். படிக்கும்போது மெலனோமா என்ற தோல் புற்றுநோய், நோய்க்குறியியல் பரீட்சையில் வரும் ஐந்து மார்க் கேள்வி. ஓபியில் தோல் என்று வந்தால் சொறி, சிரங்கு, படை, எப்போதாவது உணர்ச்சியற்ற தேமல். அப்படிப்பட்ட நான் குயின்ஸ்லாந்தின் மேற்கு ஓரத்தில், ஆயிரம் பேர்கூட இல்லாத ஓர் ஊரின் கிளினிக்கில் வந்து உட்கார்ந்தது எப்படி என்றால், அது ஆஸ்திரேலியச் சட்டத்தின் வேலை. வெளிநாட்டில் படித்து வந்த மருத்துவர்கள் பொதுவாக பத்து ஆண்டுகள் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் வேலை பார்த்தால்தான் அவர்களுடைய நோயாளிகளுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் கிடைக்கும். அதனால்தான் இந்த நாட்டின் சிற்றூர் கிளினிக் வாசல்களில் இத்தனை இந்தியப் பெயர்ப் பலகைகள், இலங்கைப் பெயர்ப் பலகைகள்.

குயின்ஸ்லாந்து தமிழ்நாட்டைப் போல 13 மடங்கு பெரியது. மக்கள்தொகையோ 55 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அதிலும் பெரும்பாலோர் கடற்கரை ஓரத்தில். எங்கள் ஊரிலிருந்து தோல் மருத்துவரிடம் போக வேண்டுமானால் எட்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு கங்காரு எதுவும் குறுக்கே பாயாமல் இருந்தால். இங்கே மூன்று பேரில் இரண்டு பேருக்கு எழுபது வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வந்துவிடும் என்று புற்றுநோய்க் கவுன்சில் சொல்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து வெயிலுக்கென்று அமைந்த தோலைக் கொண்டுவந்து மகர ரேகையில் காய வைத்தால் வேறென்ன நடக்கும்? 1981இலிருந்து ஒரு கடற்காக்கை கார்ட்டூன் டிவியில் பாட்டுப் பாடி, சட்டையைப் போடு, களிம்பைப் பூசு, தொப்பியை வை என்று சொல்லிக்கொடுத்தது. என் மகன் படிக்கும் பள்ளியில் தொப்பி கொண்டுவராத பிள்ளைக்கு மைதானத்தில் விளையாட அனுமதி இல்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அந்தப் பாட்டுக்கு முந்திய தலைமுறை. காது மடலிலும் பிடரியிலும் சொரசொரப்பு. லாரி ஓட்டுகிறவர்களுக்கு வலது முன்னங்கை மட்டும் இடது கையைவிடப் பத்து வயது மூத்தது. ஜன்னலில் வைத்த கை.

முதல் ஆறு மாதம் நான் பிழைத்தது படங்களால்தான்.

வேலை எளிதாகத்தான் தெரியும். டெர்மோஸ்கோப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லென்ஸ், சுற்றிலும் சின்ன விளக்குகள். அதை ஃபோன் கேமராவோடு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று படம்: உடம்பில் எந்த இடம் என்று தெரிகிற மாதிரி எட்ட நின்று ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில் ஒன்று, லென்ஸ் வழியாக ஒன்று. கூடவே நாலு வரி: வயது, எத்தனை மாதமாக, வளர்கிறதா, ரத்தம் கசிகிறதா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா. அனுப்பிவிட்டால் ஓரிரு நாளில் பிரிஸ்பேனிலிருந்து தோல் மருத்துவர் பதில் எழுதுவார். நோயாளி அங்கே இருக்க வேண்டியதில்லை, இரண்டு மருத்துவர்களும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டியதுமில்லை. இந்த ஏற்பாடு இங்கே புதிதல்ல. கிராமப்புற மருத்துவர்களுக்கான கல்லூரி 2004இலேயே "டெலி-டெர்ம்" என்ற சேவையைத் தொடங்கி, ஜிம் மியூர் என்ற தோல் மருத்துவரைப் பதில் சொல்ல அமர்த்தியது. ஐஃபோனே வராத காலம் அது.

இந்த நாட்டில் தூரத்திலிருந்து வைத்தியம் பார்க்கும் பழக்கத்துக்கு அதைவிட வயது அதிகம். 1928இல் குளோன்கரி என்ற ஊரில் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் பறக்கும் மருத்துவச் சேவையைத் தொடங்கினார். விமானம் வந்தால் போதுமா, நோய் வந்திருக்கிறது என்று யார் போய்ச் சொல்வது? அடுத்த ஆண்டே ஆல்ஃபிரட் டிரேகர் சைக்கிள் மாதிரி மிதித்தால் மின்சாரம் வரும் ரேடியோ ஒன்றைச் செய்துகொடுத்தார். பின்னாளில் பண்ணை வீடுகளில் மருந்துப் பெட்டி வைத்தார்கள், பாட்டில்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண். உடம்பின் படத்திலும் எண்கள். பண்ணைக்கார அம்மா ரேடியோவில் எங்கே வலிக்கிறது என்று எண்ணைச் சொல்வார், டாக்டர் எந்த மருந்து என்று எண்ணைச் சொல்வார். எனக்கு அந்த உடம்புப் படத்தின் மேல் பொறாமையே உண்டு. ஒருமுறை ஒரு பெண் வீட்டிலிருந்தே ஃபோனின் முன்பக்கக் கேமராவில் கன்னத்து மச்சத்தை எடுத்து அனுப்பினார். செல்ஃபி படம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிப் பதிவாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இடது கன்னம் என்று எழுதி மேலே அனுப்பிவிட்டேன். நல்லவேளையாகப் பதிலில் "பயமில்லை" என்று வந்தது. பயம் என்று வந்திருந்தால் எந்தக் கன்னத்தைத் தேடியிருப்பேன்? எண் போட்ட படத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

இப்போது அந்த முதல் வார ஆளுக்கு வருகிறேன். அன்றைக்கு நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவருடைய மார்பில் இருந்த ஒரு கறுத்த தடிப்பைப் படமெடுத்தேன். பார்க்கவே விகாரமாக, ஒட்டவைத்த சேறு மாதிரி இருந்தது. அவருக்கும் அதுதான் கவலை. இரண்டு நாளில் பதில் வந்தது: வயதானால் வருகிற மரு, ஒன்றும் செய்ய வேண்டாம். கூடவே அதை எப்படி அடையாளம் காண்பது என்று நாலு வரிப் பாடம், படத்தில் அம்புக்குறி போட்டு. நான் அவருக்கு ஃபோன் செய்து சொன்னேன், அவர் நிம்மதியாகச் சிரித்தார். நானும்தான்.

ஐந்து வாரம் கழித்து முள்கம்பி கிழித்த காலோடு அவர் வந்தார். நர்ஸ் கட்டுப் போடுவதற்காகப் பேன்ட்டைச் சுருட்டியவர் என்னைக் கூப்பிட்டார். கெண்டைக்காலின் பின்பக்கம், காயத்துக்கு ஒரு சாண் தள்ளி, இளஞ்சிவப்பில் ஒரு சின்ன உருண்டை. நாவல்பழக் கொட்டை அளவு. "அதுவா? கொசுக்கடி. மூணு மாசமாச்சு, போகமாட்டேங்குது" என்றார்.

மூன்று மாதம். அப்படியானால் நான் முதுகைப் பார்த்த அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. என் குறிப்பைத் திறந்து பார்த்தேன். "முதுகு, மார்பு, கைகள்" என்று எழுதியிருந்தேன். பொய்யில்லை. பேன்ட்டையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லவில்லை. பதினைந்து நிமிட அப்பாயின்ட்மென்ட், அறுபது வயது ஆணிடம் பேன்ட்டைக் கழற்றச் சொல்லத் தயங்கிய புதுப் பெண் டாக்டர். காரணங்கள் இருந்தன. பிரிஸ்பேனில் இருந்தவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். நான் காட்டியதை மட்டும்தான் அவர் பார்த்தார்.

லென்ஸை வைத்துப் படமெடுத்தேன். திரையில் வெளிர் வெள்ளையாக, ஒன்றுமே இல்லாத ஓர் உருண்டை. அனுப்பினேன். அன்றைக்கு ஒரு மணி நேரத்திலேயே பதில் வந்தது: "அழுத்திவிட்டீர்கள். ஜெல் போட்டு, தொட்டும் தொடாமலும் வைத்து மறுபடி எடுங்கள்." படத்தைப் பார்த்தே என் கை அழுத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நிறமில்லாத கட்டியில் பார்க்கவேண்டியதே ரத்தக் குழாய்களைத்தான். லென்ஸை அழுத்தினால் ரத்தம் ஒதுங்கிவிடும், குழாய்கள் மறைந்துவிடும். விரல் நகத்தை அழுத்தினால் வெளுக்கிறதே, அதே கதை. ஸ்கேன் ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, அதன்மேல் லென்ஸை மிதக்கவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். இந்தமுறை புள்ளி புள்ளியாகவும் முறுக்கிய நூல் மாதிரியும் சிவப்புக் குழாய்கள், நடுவில் பால் கலந்த சிவப்பு. இரண்டாவது பதில் ஒரே வரி: "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்."

மெலனோமா என்றால் கறுப்பாக, ஓரம் கிழிந்து, இரண்டு மூன்று நிறத்தில் இருக்கும் என்றுதான் எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள். பரவி வளர்கிற வகைக்கு அது சரி. உருண்டையாக மேலெழும்பும் வகை சில நேரம் நிறமே இல்லாமல் வரும். அதற்கு இங்குள்ள மருத்துவர்கள் சொல்லிக்கொடுப்பது வேறு மூன்று: மேடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா, ஒரு மாதத்துக்கும் மேலாக வளர்ந்துகொண்டே இருக்கிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் "ஆறு வாரம் கழித்து வாருங்கள், பார்க்கலாம்" என்று சொல்லக்கூடாது. இந்த மூன்றில் இரண்டு, கெட்டியும் வளர்ச்சியும், படத்தில் வராது. ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இன்னொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் 2 மில்லிமீட்டர் விட்டு, எங்கள் கிளினிக்கிலேயே எடுத்து நாலு தையல் போட்டேன். ஒரு வாரத்தில் ரிப்போர்ட். மெலனோமா, ஆழம் 2.6 மில்லிமீட்டர்.

அந்த ஆழக் கணக்கை 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியல் மருத்துவர் கொண்டுவந்தார். கட்டி எவ்வளவு அகலம் என்பது முக்கியமில்லை, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் விதியைச் சொல்லும். ஒரு மில்லிமீட்டருக்குள் பிடித்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள். அதைத் தாண்ட ஆரம்பித்தால் ஒவ்வொரு அரை மில்லிமீட்டரும் கணக்கு. ஐந்து வாரத்துக்கு முன் அது எத்தனை மில்லிமீட்டர் இருந்திருக்கும் என்று அன்றைக்கு இரவு யோசித்தேன். இன்னும் சில இரவுகள் யோசிக்கிறேன்.

அடுத்த கட்டத்துக்கு அவர் கடற்கரை நகரத்துக்கு நேரில் போகத்தான் வேண்டியிருந்தது. சுற்றிலும் 2 சென்டிமீட்டர் எடுப்பதையும், கவட்டையில் முதலில் நோய் போய்ச்சேரும் நெறியை (நிணநீர்க் கணுவை) சாயம் செலுத்திக் கண்டுபிடித்து எடுப்பதையும் திரையில் செய்ய முடியாது. நெறியில் கொஞ்சம் ஏறியிருந்தது. ஒரு வருடம் இம்யூனோதெரபி கொடுக்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் அவர் முறுக்கிக்கொண்டார். "வருஷம் பூரா இதுக்காக வண்டி ஓட்டினா மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவா?" மனைவி இறந்து நாலு வருடம். மகன் சுரங்கத்தில் வேலை.

சரியாகச் சொன்னால், டெலிமெடிசின் என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது இந்த இடத்தில்தான். டவுன்ஸ்வில் நகரத்தில் சபே சபேசன் என்ற புற்றுநோய் மருத்துவர் (பெயரைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இதைப் படிக்கிற உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை) 2007 முதல் 900 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மவுன்ட் ஐசா போன்ற ஊர்களின் நோயாளிகளை வீடியோவில் பார்க்கும் ஏற்பாட்டை வளர்த்தெடுத்தார். பார்ப்பது மட்டுமல்ல, கீமோ மருந்தையே அந்த ஊரில் வைத்து ஏற்றுவது. மருந்து ஏற்றுவது உள்ளூர் நர்ஸ், பக்கத்தில் உள்ளூர் மருத்துவர், திரையில் ஸ்பெஷலிஸ்ட். இது ஆபத்தில்லையா என்ற கேள்விக்கு அவர்கள் கணக்கெடுத்துப் பதில் சொன்னார்கள்: மவுன்ட் ஐசாவில் ஏற்றியவர்களுக்கும் டவுன்ஸ்வில்லில் ஏற்றியவர்களுக்கும் பக்கவிளைவுகளில் பெரிய வித்தியாசமில்லை. செலவுக் கணக்கு 2013இல் வெளிவந்தது. 56 மாதத்தில் 147 நோயாளிகள், 605 வீடியோ சந்திப்புகள், எல்லாச் செலவும் போக சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் டாலர் மிச்சம். மிச்சமானது பயணச் செலவு. அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: செலவில் பெரும்பங்கு கேமராவுக்கும் திரைக்கும் போகவில்லை, ஆட்களின் சம்பளத்துக்குப் போயிருக்கிறது. "கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்கும் நிர்வாகிகளுக்கு இதை ஃபிரேம் போட்டு மாட்டிக் கொடுக்கலாம்.

எங்கள் ஆளுக்கும் அப்படித்தான் நடந்தது. ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் சற்றே பெரிய ஊரின் ஆஸ்பத்திரியில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, அரை மணி நேர டிரிப். பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னால் மெலனோமா உள்ளே பரவிவிட்டது என்றால் மாதக் கணக்கில்தான் ஆயுளைச் சொல்வார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் போட்டிருந்த பிரேக்கை அவிழ்த்துவிடும் இந்த வகை மருந்துகள்தான் அதை மாற்றின. அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் கொடுத்தார்கள். பிரேக்கை அவிழ்த்தால் வண்டி எங்கே வேண்டுமானாலும் மோதும். குடல், நுரையீரல், தைராய்டு, கல்லீரல் என்று எதையாவது உடம்பே தாக்க ஆரம்பிக்கும். ஆகவே வாராவாரம் யாராவது ஒருவர் இங்கே கேட்கவேண்டிய கேள்வி மிகச் சாதாரணமானது: வயிற்றுப்போக்கு உண்டா?

வீடியோவில் ஸ்பெஷலிஸ்ட் கேட்டார். "எல்லாம் நல்லா இருக்கு" என்றார் இவர். இந்த ஊர் ஆண்களுக்குப் பாம்பு கடித்தாலும் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் நர்ஸ் கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் தலையை ஆட்டினார். பிறகு வாயைத் திறந்து சொல்லியும் விட்டார்: "கடையில இந்த வாரம் இவர் ரெண்டு தரம் டாய்லெட் பேப்பர் வாங்கினதை நான் பார்த்தேன்." திரையில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். நாளைக்கு ஏழு தடவை போகிறதாம். அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்கினோம். சின்ன ஊரில் யார் எதை வாங்கினாலும் எல்லோருக்கும் தெரியும் என்பதை வம்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் ஏஐ வந்துவிட்டது, படத்தைக் கொடுத்தால் அதுவே சொல்லிவிடும் என்று மருந்துக் கம்பெனிக்காரர்கள் வந்து காட்டுகிறார்கள். நானும் ஆசையாகத்தான் பார்க்கிறேன். இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு படத் தொகுப்பு 2018இல் வெளிவந்தது, 10,015 படங்கள். அவை வந்தது வியன்னாவிலிருந்தும் குயின்ஸ்லாந்தில் கிளிஃப் ரோசன்டால் நடத்திய கிளினிக்கிலிருந்தும். என் நோயாளிகளுக்குப் பொருத்தமான தொகுப்புத்தான், பெரும்பாலும் வெள்ளைத் தோல். என்னைப் போன்ற, என் அம்மாவைப் போன்ற தோலில் மெலனோமா அபூர்வம். வந்தால் வெயில் படாத இடத்தில், உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வரும். பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் வந்தது. 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்துபோனார். பாதத்திலும் கைரேகை மாதிரி மேடும் பள்ளமும் உண்டு. கறுப்பு நிறம் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் பயமில்லை, மேட்டில் ஓடினால் விடக்கூடாது என்று கண்டு சொன்னவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள்.

இதைப் படித்த அன்றைக்கு ஊருக்கு வாட்ஸ்அப் வீடியோ போட்டேன். அம்மாவின் குதிகாலில் கறுப்பாக ஏதோ இருக்கிறது என்று போன மாதம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள்.

"அம்மா, காலைக் காட்டு."

"ஏட்டி, என்ன பேச்சு இது? ஃபோன்ல மூஞ்சிக்கு நேரா காலைக் காட்டச் சொல்லுத."

கண் ஆஸ்பத்திரியின் விஷன் சென்டரில் போய்த் திரையில் வந்த டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு வந்தவள்தான். அதைச் சொன்னேன். "கண்ணைக் காட்டலாம். காலையா காட்டுவாவ?" கடைசியில் அப்பா ஃபோனைப் பிடிக்க, அம்மா கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதலில் மின்விசிறி தெரிந்தது, பிறகு அப்பாவின் கட்டைவிரல், பிறகு மங்கலாக ஒரு குதிகால். வெளிச்சம் போதவில்லை. அப்பா யோசித்து, பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தார். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் என் அப்பா செய்த டெர்மோஸ்கோப். செருப்பு வார் படும் இடத்துக்குக் கீழே கருஞ்சிவப்பில் ஒரு திட்டு. மேட்டிலா பள்ளத்திலா? எவ்வளவு முயன்றும் தெரியவில்லை. "அப்பா, இது இடது காலா வலது காலா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் விவாதித்தார்கள்.

பாளையங்கோட்டையில் தோல் டாக்டரிடம் போகச் சொன்னேன். போனார்கள். அவர் பிளேடால் மேலாகச் சுரண்டியதும் திட்டு உதிர்ந்துவிட்டதாம். புதுச் செருப்பு அழுத்தி உள்ளே உறைந்த ரத்தம். அன்று ராத்திரி அம்மா ஃபோனில் சலித்துக்கொண்டாள்: "ஒரு காலைக் காட்டப் போனா, அந்த டாக்டரு விடுதாரா? இன்னொரு காலு, கைவிரலு, நகம், முதுகுன்னு ஒண்ணு விடாம பாத்துட்டுத்தான் அனுப்பினாரு. வெளிய இருபது பேரு காத்துக்கிட்டு இருக்காவ, எனக்கு வெக்கமாப் போச்சு."